வெளியூரில் இருக்கும் மகனுக்காக

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் பவுலின் நண்பர் கூட்டம் முழுவதும் அங்கே குடியிருக்கும். தீமோத்தேயு இருப்பார், தீத்து இருப்பார், பிலேமோன், சீலா, ஆக்கில்லா எல்லாரும் இருப்பார்கள். ஒநேசிப்போரு என்று ஒருவரை மட்டும் நான் இதுவரை சந்தித்ததில்லை. பெயர் நாக்கில் புரளாதது ஒரு காரணம். அவர் செய்த காரியம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு நம்மவர்களுக்குப் பெரிதாகத் தெரியாதது இன்னொரு காரணமாக இருக்கலாம். அவர் பிரசங்கம் பண்ணியதாகவோ அற்புதம் செய்ததாகவோ வேதாகமம் சொல்லவில்லை. ஜெயிலில் கிடந்த ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில், முதல் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களில் அவர் கதை முடிந்துவிடுகிறது. பவுல் ரோமாபுரியில் விலங்கோடு இருக்கிறார். ஆசியாவிலிருந்த பலர் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். எபேசுவிலிருந்து ஒநேசிப்போரு வருகிறார். அந்தப் பெரிய நகரத்தில் ஒரு கைதியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, அலைந்து, கண்டுபிடிக்கிறார். ஒருமுறை பார்த்ததோடு நிற்கவும் இல்லை. அதற்கு நன்றியாகப் பவுல் ஒரு ஜெபம் செய்கிறார். யாருக்காக என்று நின்று கவனிக்க வேண்டும். வந்தவருக்காகச் செய்வதற்கு முன்னால், வந்தவரின் வீட்டாருக்காகச் செய்கிறார். அவர்களுக்குக் கர்த்தர் இரக்கம் காட்டவேண்டும் என்று கேட்கிறார். நிருபத்தின் கடைசி வாழ்த்துதலிலும் அந்த வீட்டாரைத்தான் விசாரிக்கிறார். அதற்குள் ஒநேசிப்போரு இறந்துபோயிருக்கலாம், அதனால்தான் வீட்டாரை மட்டும் சொல்கிறார் என்பது சில உரையாசிரியர்களின் கருத்து. அவர் இன்னும் ஊர் திரும்பவில்லை என்பது மற்றவர்கள் கருத்து. எப்படியானாலும், சிறை என்பது உள்ளே இருப்பவரோடு முடிகிற விஷயமில்லை, அதன் பாரம் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டின் மேல் இறங்குகிறது என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைய ரோமச் சிறை பெரும்பாலும் தீர்ப்பு வரும்வரை ஆளைப் பிடித்து வைக்கிற இடம். சோறும் துணியும் உற்றார் கொண்டுவந்தால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, குளிர்காலம் தொடங்குமுன் வந்துவிடு என்று பவுல் அதே நிருபத்தில் கெஞ்சுவதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். இறையியல் எழுதிய அதே கை போர்வைக்கும் எழுதிப் போடுகிறது.

நிருபத்தின் அந்த முதல் அதிகாரத்தில் ஒரு சொல் மூன்று இடத்தில் வருகிறது: வெட்கம். கர்த்தரைப் பற்றிய சாட்சியைக் குறித்தும் கட்டுண்டிருக்கிற தன்னைக் குறித்தும் வெட்கப்படாதே என்று தீமோத்தேயுவிடம் சொல்கிறார். நான் வெட்கப்படவில்லை என்கிறார். மூன்றாவதாக, ஒநேசிப்போரு என் விலங்கைக் கண்டு வெட்கப்படவில்லை என்கிறார். பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம், ஏனென்றால் பயப்படவும் காரணம் இருந்தது. ஆனால் சிறைப்பட்டவரை அறிந்தவர்களை முதலில் அவரிடமிருந்து பிரிப்பது வெட்கம்தான் என்று அனுபவப்பட்டவர் எழுதுகிறார்.

நம் சபைகளில் அந்த வெட்கத்துக்கு ஒரு மாற்றுப் பெயர் உண்டு: வெளியூர். ஞாயிறு ஆராதனையில் விசேஷ ஜெபத்துக்காகச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மூட்டுவலி, மகளின் வரன், பேரனின் நீட் தேர்வு, விசா, பெயர் சொல்லாமல் குடிப்பழக்கம்கூட வரும். சிறை என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் வெளியூரில் இருக்கும் மகனுக்காக என்று ஒரு சீட்டு சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்றூர் ஆலயத்தில் வாரம் தவறாமல் வந்தது. அந்த வெளியூர் பாளையங்கோட்டை மத்தியச் சிறை என்பது அந்தச் சிற்றூரில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சீட்டுக்குப் பிறகு வருகிறேன்.

வெட்கத்தைவிடப் பெரிய சேதமும் வீட்டுக்குள் நடக்கும். 1908-ல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்த செய்தி கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. அண்ணன் 1912-ல் வெளியே வந்தார். தம்பிக்குத் தெளியவே இல்லை. நாடே போற்றிய கைதியின் வீட்டிலேயே இப்படி என்றால், ஊர் தூற்றுகிற கைதியின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீட்டின் அன்றாடம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதற்காக ஜெபிக்க முடியாது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் ஒன்பது மத்தியச் சிறைகள் இருக்கின்றன. ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ஆதார் அட்டையோடு போய் மனுப் போட வேண்டும், பெயர் கூப்பிடும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்கள், பக்கத்தில் பத்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். சில நிமிடங்களில் வக்கீல் விஷயம், வாய்தா தேதி, கேன்டீனுக்குக் கட்டும் பணம் எல்லாம் பேசி முடிக்க வேண்டும். அதற்கப்புறம் நேரம் மிஞ்சினால் அழலாம். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அன்று சம்பளம் கிடையாது. பஸ் காசு வேறு.

இப்படி அலைகிறவர்களில் பெரும்பாலானோரின் ஆள் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பே ஆகவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்குக்கும் மேல். ஜார்க்கண்டில் இப்படி வழக்கு முடியாமல் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம்வரை போன சேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர். 2021 ஜூலையில் தம் 84-ஆம் வயதில், தாமே ஒரு விசாரணைக் கைதியாக இருக்கும்போதே இறந்தார்.

ஜாமீன் கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்போம். உத்தரவில் இரண்டு நபர் ஜாமீன் என்று இருக்கும். ரேஷன் அட்டையும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். சொந்தக்காரர்கள் அன்றைக்கென்று கல்யாண வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கிறவர்கள் உண்டு. ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டம் விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை கட்ட இடம் கொடுத்தது. அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்க வழி சொல்லவும் ஒருவர் வேண்டும்.

இங்கேதான் ஜெபம் செய்கிற சபை கொஞ்சம் சங்கடப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் வீட்டு வரி ரசீது இருக்கிறது? பிறனுக்குப் பிணை நிற்காதே என்று நீதிமொழிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எச்சரிப்பதை நம்மில் பலர் உடனே எடுத்துச் சொல்வோம். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதே வேதாகமத்தில் ஆதியாகமம் வேறொரு காட்சி வைத்திருக்கிறது. சிமியோன் எகிப்தில் கட்டுண்டு கிடக்கிறான். கானானில் கிழவர் யாக்கோபு, போன பிள்ளைகளையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் புலம்புகிறார். கடைசிப் பிள்ளை பென்யமீனையும் அனுப்பினால்தான் சிமியோன் வருவான், உணவும் கிடைக்கும். அனுப்ப மனம் வரவில்லை. அப்போது யூதா எழுந்து, பென்யமீனுக்கு நான் பிணை என்கிறான். ஒரு காலத்தில் யோசேப்பை விலைபேசி விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனும் இதே யூதாதான். அவன் பிணை நின்ற பிறகுதான் அந்தக் குடும்பத்தின் கதை திரும்புகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் இயேசுவைச் சொல்லும்போது தமிழ் வேதாகமத்தில் பிணையாளி என்ற சொல் வருகிறது. ஆலயத்தில் அதை நூறு முறை வாசித்திருப்போம். கோர்ட் வராந்தாவில் அந்தச் சொல் கேட்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்துக்கு வராமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. பசித்தவன், தாகப்பட்டவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதியஸ்தன், காவலிலிருப்பவன் என்று ஆறு பேரின் முகத்தில் தம் முகத்தை வைக்கிறார் இயேசு. இதைப் பிரசங்கிப்பவர்கள் சபையாரை வெளியே இருப்பவர்களாகவும் கைதியை உள்ளே இருப்பவராகவும் வைத்து, நாம் போய்ப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் நடுவில் ஒருத்தி விடுபட்டுப் போகிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூலியை விட்டுவிட்டு, சோப்பும் துண்டும் வாங்கிக்கொண்டு, மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறாளே ஒரு தாய், அந்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருப்பவள் அவள். நாம் வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்மஸ் கேக்கோடு போய்ப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அவளை நாம் இரக்கத்துக்குரியவளாகப் பார்க்கிறோம். அவளோ நம் சபையின் சிறை ஊழியத்தை ஆளனுப்பாமல், காணிக்கை கேட்காமல் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

ஆதிச் சபைக்கு இது தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களைக் கிண்டலடித்து எழுதிய லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர், பெரெகிரினுஸ் என்பவர் சிறைப்பட்டிருந்தபோது விடியற்காலையிலேயே கிழ விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறைவாசலில் காத்துக்கிடந்ததை ஏளனமாகக் குறிக்கிறார். எதிரி எழுதிய சாட்சியம் என்பதால் அதன் மதிப்பு கூடுகிறது. சபையின் ஆதரவில் வாழ்ந்தவர்களே சிறைவாசலில் முதல் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 203-ல், கார்த்தேஜ் நகரத்தில் பெர்பெத்துவா என்ற இளம்பெண் பிடிபட்டாள். கையில் பால்குடிக் குழந்தை. அவள் சிறையில் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. வாசித்தால் பாதிக்கு மேல் குடும்பம்தான். இருட்டறையில் குழந்தையைப் பற்றிய கவலை அவளை அரிக்கிறது. தெர்சியு, பொம்போனியு என்ற இரண்டு தியாக்கோன்மார் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் சிறையின் காற்றோட்டமான பகுதியில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பட்டினியால் சோர்ந்திருந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், தாயிடம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாள், தம்பியைத் தேற்றுகிறாள். லஞ்சம் கொடுத்தது சரியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். திருச்சபை வரலாற்றில் தியாக்கோன்மார் செய்த நல்ல செலவுகளில் அதையும் சேர்ப்பேன். அவளுடைய தகப்பனார் கிறிஸ்தவர் அல்லர். நரைத்த தலையோடு திரும்பத் திரும்ப வந்து மன்றாடுகிறார். விசாரணை மேடையில் மகளைப் பிடித்து இழுக்கப் போனவருக்குத் தேசாதிபதியின் உத்தரவில் அடி விழுகிறது. அந்த அடி தன்மேல் பட்டதைப் போல வலித்தது என்று மகள் எழுதுகிறாள். தன் விசுவாசத்தை எதிர்க்கிற தகப்பனுக்காகவும் அவள் மனம் கசிகிறது.

அவளோடு இருந்த அடிமைப்பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி எடுத்துப்போய்த் தன் மகளாக வளர்த்தாள் என்று ஒரு வரி இருக்கிறது. அவள் பெயரை எழுதியவர் குறிக்கவில்லை.

அந்த ஒற்றை வரியை விரித்தால் நம் காலத்துச் சட்டம்வரை வரும். நம் சிறைகளில் தாயோடு குழந்தை ஆறு வயதுவரை இருக்கலாம். 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழந்தைகளுக்காக விரிவான கட்டளைகள் இட்டது. பிள்ளை கைதியாக நடத்தப்படக் கூடாது, அதற்கென்று உணவும் மருத்துவமும் படிப்பும் வேண்டும், சிறையில் பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது என்பவை அவற்றில் சில. ஆறு வயதானதும் பிள்ளை வெளியே வந்தாக வேண்டும். உறவினர் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் விடுதி. தாயின் மடியைத் தவிர வேறு உலகம் தெரியாத பிள்ளைக்கு அந்த ஆறாவது பிறந்தநாள் என்னவாக இருக்கும்? பிதாக்கள் புளித்த திராட்சை தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுவானேன் என்று எரேமியாவும் எசேக்கியேலும் கேட்ட கேள்வியைச் சட்டம் பாதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பின்பெஞ்சுகள் இன்னும் ஏற்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு யோசனை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஒரு பெண்கள் சிறையில் தோன்றியது. மேரி கே பியர்ட் வங்கிக் கொள்ளைக்காரி, பெட்டக உடைப்பில் கைதேர்ந்தவர். சிறையில் இருந்தபோது, தர்ம ஸ்தாபனங்கள் கைதிகளுக்குக் கொடுக்கும் சோப்பையும் பற்பசையையும் சக கைதிகள் உபயோகிக்காமல் சேர்த்து, தம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகப் பொதிந்து கொடுப்பதைப் பார்த்தார். வாட்டர்கேட் வழக்கில் சிறைசென்ற சார்ல்ஸ் கோல்சன் 1976-ல் தொடங்கியிருந்த பிரிசன் ஃபெல்லோஷிப் அமைப்பில் விடுதலைக்குப் பின் சேர்ந்தார். 1982-ல், கைதிகளின் பிள்ளைகளுடைய பெயரைக் காகித தேவதூதர்களில் எழுதிக் கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிட்டு, எடுக்கிறவர் அந்தப் பிள்ளைக்குப் பரிசு வாங்கித் தர ஏற்பாடு செய்தார். ஏஞ்சல் ட்ரீ என்று இன்றும் நடக்கிறது. இதன் உயிர் பரிசில் இல்லை, யார் பெயரில் போகிறது என்பதில் இருக்கிறது. அப்பா அனுப்பினார், அம்மா அனுப்பினாள் என்றுதான் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருப்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் இது.

கத்தோலிக்கச் சபையில் 1981-ல் கேரளத்தில் குருமாணவர்கள் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா, தன் பாதுகாவலராக மாக்சிமிலியன் கோல்பேயைக் கொண்டிருக்கிறது. 1941-ல் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதற்குப் பழியாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் காயோவ்னிச்செக் என்ற போலந்துச் சிப்பாய், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து வாய்விட்டு அழுதார். குருவானவர் கோல்பே வரிசையை விட்டு முன்னே வந்து, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 14 அன்று கொல்லப்பட்டார். அவர் உயிர் கொடுத்தது ஒரு மனிதருக்காக என்று சொல்வது வழக்கம். அந்த அழுகையைக் கவனித்தால், போலந்தில் எங்கோ இருந்த ஒரு வீட்டுக்காகக் கொடுத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. காயோவ்னிச்செக் பிழைத்து வீடு திரும்பினார். மனைவி இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் 1945-ல் குண்டுவீச்சில் இறந்திருந்தார்கள். ஜெபமும் தியாகமும் எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்று சொல்ல இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. அவர் 1995 வரை வாழ்ந்தார், கோல்பேயைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பேசினார்.

ஒரு கேள்வியை இதுவரை தள்ளிப்போட்டேன். செத்துப்போனவனின் வீட்டார்? சிறிய ஊர்களில் இரண்டு குடும்பமும் ஒரே ஆலயத்தில், ஒரே மணியோசைக்கு வந்து உட்காரும். கொன்றவனின் தாய்க்காக ஜெபிக்கும்போது, கொலையுண்டவனின் தாய் எந்தப் பெஞ்சில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளாத ஜெபம் கொடுமையாகிவிடும். ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரம் இதில் கெட்டிக்காரத்தனமாக எதுவும் சொல்லவில்லை. அங்கே இரண்டு தாய்கள் இல்லை. ஆபேலைப் பெற்றவளும் ஏவாள்தான், காயீனைப் பெற்றவளும் ஏவாள்தான். ஒருவன் மண்ணுக்குள் போனான், ஒருவன் நாடோடியாகப் போனான். அவள் எந்தப் பெஞ்சில் உட்காருவாள்?

ஜெபிக்கிற வாய்க்கும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். தாய் பக்கத்தில் நிற்கும்போது, இந்த மகன் தன் பாவத்தை உணரட்டும் என்று ஒலிபெருக்கியில் ஜெபிப்பவர்கள் வழக்கு முடியுமுன் தீர்ப்பு எழுதுகிறார்கள். என்ன கேஸ் என்று விசாரித்துக்கொண்டு தலையில் கை வைப்பதும், விடுதலையாகி வந்தவனை அடுத்த ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் அதே ஜாதிதான். வேற்று மதத்து வீட்டுக்கு உதவும்போது துண்டுப்பிரதியையும் சேர்த்து நீட்டினால், அரிசிக்கு விலை வைத்ததாக ஆகிவிடும்.

ஆங்கிலிக்கன் மரபில் வந்த நம் ஜெபப்புத்தகத்தின் லித்தானியாவில், பயணம் போகிறவர்கள், பிரசவ வேதனைப்படுகிறவர்கள், நோயாளிகள், சிறு குழந்தைகள், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே விண்ணப்பத்துக்குள் வருகிறார்கள். இழிவு, மேன்மை என்று பிரிக்காமல் வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்ததில் தகப்பனற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் போய்விடுகிறது. பிரசவ ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும் ஒரே மூச்சு. நான் சொன்ன ஆலயத்து உபதேசியாருக்கு இந்த லித்தானியா மனப்பாடம். அவர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய விதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். அவருக்கும் எல்லாம் தெரியும். வாரம் தவறாமல் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசிப்பார். வெளியூரில் இருக்கும் மகனுக்காக. ஒரு சொல் கூட்டியதில்லை, குரலைத் தாழ்த்தியதும் இல்லை. அதற்கு முந்தின சீட்டு நீட் தேர்வாக இருந்தால் அதே குரல், அடுத்தது மூட்டுவலியாக இருந்தால் அதே குரல்.

ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு நாள், வேப்பமரத்தடியில் அவர் அந்த அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது.

“நாளைக்கு எந்த வண்டிக்குப் போறீயம்மா?”

“ஏழே காலுக்கு, ஐயா.”

“நானும் வாரேன். ஆதார மறந்துறாதீய. வரி ரசீத நான் எடுத்துட்டு வந்துருதேன்.”